கடைசியாகப் பூட்டியவர்

மகள் சொந்தமாகக் கடை போடப் போகிறாள் என்று தெரிந்தபோது அவர் ஒரே ஒரு ஆசைதான் பட்டார். திறப்பு நாளன்று அந்தக் கடையின் ஷட்டரைத் தன் கையால் தூக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் ஊரான் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்ட கை அது. பெற்ற பெண்ணின் கதவை ஒரு தடவை திறந்துவிட்டால் போதும், அப்புறம் முட்டிவலியோ கண்புரையோ எது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துகொள்ளட்டும் என்று இருந்தார்.

பேராசை ஒன்றும் இல்லை. ஆனால் கடை வரப்போவது கடைவீதி முனையில் இருந்த மூலைக் கட்டடத்தில். அந்தக் கட்டடத்துக்கும் அவருக்கும் உள்ள உறவைப் பற்றித் தெரு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தது.

இரண்டு தெருக்கள் கூராக வந்து முட்டிக்கொள்ளும் இடம் அது. அந்தக் கூர்மையை மழுக்கி, வட்டமாக வளைத்து, சாம்பல் நிறக் கல்லில் யாரோ ஒரு காலத்தில் எழுப்பிய கட்டடம். அவருக்கு மீசை அரும்பியிருந்த வயதில் அது ஒரு தனியார் வங்கியாக இருந்தது. அங்கே கதவுக்காரராகச் சேர்ந்தார். கதவு இரண்டு ஆள் உயரம். பித்தளைக் கைப்பிடியைக் காலையில் துடைத்துப் பளபளக்க வைப்பதும், கம்பு ஊன்றி வருகிறவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், சாயங்காலம் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டே வந்து சாவிக்கொத்தை மேனேஜரிடம் ஒப்படைப்பதும் வேலை. மேனேஜர், ஊர் ஜனங்கள் போட்டு வைத்த சேமிப்பையெல்லாம் தன் மச்சான்களுக்கும் மச்சான்களின் மச்சான்களுக்கும் கடனாக வாரி விட்டுவிட்டு ஒரு நாள் காணாமல் போனார். அதிகாரிகளும் ஆளுக்கொரு திசையில் நழுவினார்கள். சீல் வைக்க வந்தவர்களுக்கு, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஓடாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே அவர் காட்டினார், பூட்டினார். எதிர்ச்சாரியில் நின்ற கூட்டம், பெரிய கதவை இழுத்துச் சாத்துகிற அந்த இளைஞனைத்தான் பார்த்தது. ஒரு பெரியவர் ஓடி வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். மேனேஜரின் சட்டை கைக்கு எட்டவில்லை, எட்டிய சட்டை இதுதான்.

சில வருஷங்கள் பூட்டிக் கிடந்த பிறகு அதே கற்சுவருக்குள் ஒரு சினிமா தியேட்டர் முளைத்தது. கல் முகப்பைப் பலகை அடித்து மறைத்து, அதன்மேல் ஆளுயரத்துக்கு நடிகர்களின் தலைகளை வரைந்தார்கள். கட்டடத்தின் ஒவ்வொரு கதவும் தெரிந்த ஆள் என்று அவரையே வேலைக்கு எடுத்தார்கள். திரைக்குப் பின்னால் ஒயர்கள் தோல் உரிந்து தொங்குவதை அவர் முதலாளியிடம் பலமுறை சொல்லிப் பார்த்தார். முதலாளி, படம் ஓடுகிறதா இல்லையா, ஓடுகிறதல்லவா, அப்புறம் ஒயர் எப்படி இருந்தால் என்ன என்று கேட்டார். ஒரு மதியக் காட்சியில் திரை பற்றிக்கொண்டது. பக்கத்துக் கதவுகள் எல்லாவற்றையும் அவர் ஓடி ஓடித் திறந்துவிட்டதால் ஒருவருக்கும் விரல் நுனிகூடக் கருகவில்லை. ஆனால் ஊரின் ஞாபகத்தில் நின்றது அதுவல்ல. இன்சூரன்ஸ் ஆட்கள் வந்து போகும் வரைக்கும் கரிந்த கட்டடத்தைக் காவல் காக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவரையே நிறுத்தினார்கள். கடைசியில் இரும்புக் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியதும் அவரே. ஊர் அதைத்தான் பார்த்து வைத்துக்கொண்டது.

மூன்றாவது, ஜவுளிக்கடை. அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து எடுத்தார்கள். கல் முகத்தின் மேல் அலுமினியத் தகடு, தகட்டின் மேல் விளக்குப் பலகை. அவருக்குத் தொப்பியும் தோள்பட்டை நாடாவும் கொடுத்துக் கண்ணாடிக் கதவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர்களுடைய அப்பா கண்ணை மூடியதும் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடையை மூடி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சாவி யார் கையில் இருப்பது என்பதில் மூவருக்கும் ஒத்துவரவில்லை, ஒருவன் கையில் இருந்தால் மற்ற இருவருக்கும் தூக்கம் வராது. மூன்று பேரும் தகராறு இல்லாமல் தலையாட்டிய ஒரே பெயர் அவருடையது.

இதை நேராக வைத்துப் பார்த்தால் ஒரு மனிதரின் நேர்மைக்கு மூன்று முறை கிடைத்த சான்றிதழ். திருடியவன், அலட்சியமாக இருந்தவன், சண்டை போட்டவன் எல்லாரும் ஒதுங்கிக்கொண்ட பிறகு, எல்லாருக்கும் பொதுவாக நம்பத் தகுந்தவர் என்று சாவி அவர் கைக்கு வந்தது. ஆனால் தெரு அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தது. அந்த ஆள் நின்ற இடம் விளங்காது என்றது. மேனேஜர் வேறொரு ஊரில், வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் இன்னொரு நிதி நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். தியேட்டர் முதலாளி இன்சூரன்ஸை வைத்துப் பங்களா கட்டினார். அவர்களுக்கெல்லாம் ராசி கெடவே இல்லை. இந்த ராசி என்பது எப்போதும் சம்பளக்காரனைத்தான் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

'மூடுவிழா' என்று அவருக்குப் பெயர் வைத்தவர் எதிரே இருந்த செருப்புக்கடை முதலாளி. வாய்க்கொழுப்பு உள்ள மனிதர், ஆனால் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஜவுளிக்கடை பூட்டிய வாரத்தில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். தெருவின் அந்தக் கோடியில் புதிதாக ஒரு செருப்புக்கடை வந்திருந்தது.

"நீங்க எனக்கு ஒரே ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்க."

"ஒரு வாரம் அந்தப் புதுக்கடை வாசல்ல போய் நில்லுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா நின்னா போதும், மீதியை அதுவே பாத்துக்கும்."

கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, ஒரு வாரத்துக்கெல்லாம் பெரிய வங்கியே தாங்காது, உங்கள் போட்டிக்காரருக்கு அரைநாள் போதும் என்று பதில் கொடுத்தார். வீட்டில் வந்து மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை.

"அவன் சிரிச்சுக்கிட்டே ஆணி அடிக்கிறான். நீங்க சுத்தியலை எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. அந்தத் தெருவில் அவர் வேலை கேட்டுப் போன கடைகளிலெல்லாம் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், இப்போதைக்கு ஆள் தேவையில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே கடை வாசலில் வேறு ஒருவர் தொப்பியோடு நிற்பார். கடைசியில் ஊருக்கு வெளியே, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஷெட்டில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. அங்கே கதவே கிடையாது. மனைவிக்கு வயிற்றில் வந்த கட்டியை, வெறும் வாயு என்று மருந்து கொடுத்துக் கொடுத்தே டாக்டர்கள் முற்ற விட்டுவிட்டார்கள். அவளை எடுத்துக்கொண்டு போன அன்று, வாசலில் நின்ற உறவுக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் காதில் முழுவதும் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை.

மூலைக் கட்டடம் பல கைகள் மாறி, கடைசியில் ஒரு பெரிய கம்பெனியிடம் வந்தது. அலுமினியத் தகட்டை உரித்தபோது உள்ளே கல் முகம் அப்படியே இருந்தது. பத்திரிகைகளில் படம் வந்தது, பாரம்பரியம் என்றார்கள். முகத்தை மட்டும் இரும்புச் சட்டம் வைத்துத் தாங்கி நிறுத்திக்கொண்டு, பின்னால் இருந்ததையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, அடுக்கடுக்காகக் கண்ணாடியில் அலுவலகங்கள் எழுப்பினார்கள். வாசலில் ஒரு வெண்கலப் பலகை பதித்தார்கள். வங்கி இருந்தது, தியேட்டர் இருந்தது, ஜவுளிக்கடை இருந்தது, இன்னார் வடிவமைத்தார், இன்னார் மீட்டெடுத்தார் என்று அதில் எழுதியிருந்தது. மேனேஜரின் திருட்டு அதில் இல்லை. எரிகிற தியேட்டரின் பக்கத்துக் கதவுகளைத் திறந்துவிட்டவரும் இல்லை. கல்லுக்கு ஞாபகம் உண்டு என்று பெருமை பேசுகிற ஊருக்கு மனிதர்கள் விஷயத்தில் மறதி தாராளமாக இருந்தது.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, தெருவைப் பார்த்தபடி, ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடக்கூடிய ஒரு கடையைத்தான் மகள் எடுத்திருந்தாள். பல வருஷம் ஆயத்த ஆடை கம்பெனியில் மிஷின் மிதித்தவள். மேலே உள்ள அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடித்துக் கொடுப்பது என்று ஆல்ட்டரேஷன் கடை போட்டால் நிற்கலாம் என்பது அவள் கணக்கு. புத்திசாலித்தனமான கணக்கு.

திறப்பு நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். பார்சல் வண்டி ஓட்டுகிறவர், மாமனாரிடம் மரியாதை குறையாதவர். மகளும் கூட வந்து, வந்ததிலிருந்தே சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மருமகன் வெயிலைப் பற்றிப் பேசினார், ரோட்டில் குழி தோண்டியிருப்பதைப் பற்றிப் பேசினார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமா, எனக்கு இந்த மாதிரி விஷயத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அது உங்களுக்கே தெரியும்."

நம்பிக்கை கிடையாது என்று ஆரம்பிக்கிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பது அவருக்குப் பழக்கமான வழி.

"ஆனா தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அது கஸ்டமர் காதுல விழுந்தா நமக்குத்தான் நஷ்டம். அதனால முதல் மூணு மாசம் மட்டும்... நீங்க அந்தப் பக்கம் வராம இருந்தா..."

அவர் மகளைப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்றே?"

"நான் நம்பலப்பா," என்றாள் அவள். சன்னலிலிருந்து திரும்பி, "ஆனா பயமா இருக்கு," என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பெண். அம்மா வளர்த்த வளர்ப்பு. அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்கு இதமாக இருந்திருக்கும்.

"மூணு மாசம்தானே," என்றார் அவர். "அதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

மகளைக் குற்றம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஒரு மாத அவகாசத்தில் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்று கம்பெனி கையெழுத்து வாங்கிய கடை அது. மேலே இருக்கிற ஒரு அலுவலகம் வேறு கட்டடத்துக்குப் போனால் பாதி வாடிக்கை போய்விடும். கம்பெனியைப் பார்த்து அவள் பயந்து என்ன செய்துவிட முடியும்? அவர்களை வராதீர்கள் என்று சொல்ல முடியாது. அப்பாவைச் சொல்லலாம். கைக்கு அடங்காத பயத்தை மனிதர்கள் இப்படித்தான் கைக்கு அடங்குகிற ஒரு ஆளின் தலையில் இறக்கி வைக்கிறார்கள்.

திறப்பு நாளன்று எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரிதான் நின்றார். கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரை அழைத்து வந்து ஷட்டரைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கைராசிக்காரர் வேறு யாருமில்லை, செருப்புக்கடை முதலாளி. ஷட்டர் பாதியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. புது ஷட்டர் அப்படித்தான் செய்யும், நடுவில் ஒரு கையை வைத்துத் தூக்கினால் கோணிக்கொள்ளும். தூரத்தில் நின்ற அவருடைய இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே கொஞ்சம் உயர்ந்து, பிறகு இறங்கின. மருமகன் ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார். ஷட்டர் ஏறியது, கை தட்டினார்கள். அடுத்து வந்த பஸ்ஸில் அவர் ஏறிக்கொண்டார்.

கடை நன்றாக ஓடியது. மகள் இரண்டாவது மிஷின் வாங்கினாள், உதவிக்கு ஒரு பெண்ணை வைத்தாள். கட்டடத்தின் காவலர்கள், துப்புரவு செய்கிறவர்கள் எல்லாருக்கும் சீருடை தைக்கிற ஆர்டர்கூட வந்தது. ஒவ்வொரு நல்ல செய்திக்கும் அவர் உள்ளுக்குள் பூரித்துப் போனார். பூரித்த கையோடு, அந்தக் கடைக்கும் தனக்கும் நடுவில் சுவர் ஒரு வரிசை உயர்ந்துவிட்டது என்பதும் புரிந்தது. கடை படுத்திருந்தால், அந்த ஆள் எட்டத்திலிருந்து பார்த்த பார்வையே போதும் என்று சொல்லியிருப்பார்கள். கடை எழுந்து நின்றது, ஆகவே அவர் வராததால் நின்றது. எந்தப் பக்கம் புரட்டினாலும் அவரே குற்றவாளியாகிற வழக்கு அது. மூன்று மாசம் போய் ஆறு மாசம் ஆயிற்று, வருஷமும் திரும்பியது. வாங்கப்பா என்று மகள் சொல்லவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கடைக்கு எதிரே அவர் ஒதுங்கிய பஸ் நிறுத்தத்தின் கூரை ஒழுகியது. தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. கடைக்குள்ளிருந்து மகள் அவரைப் பார்த்துவிட்டாள். குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள். வேண்டாம், மழை விட்டுவிடும் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா யாரு பாக்கறது? பேசாம வாங்கப்பா," என்றாள். அந்த அதட்டலில் அவள் அம்மா இருந்தாள்.

அப்படித்தான் அவர் முதல் முறையாக அந்தக் கடைக்குள் போனார். இஸ்திரிப் பெட்டியின் சூடும் புதுத் துணியின் வாசனையும் கலந்து அடித்தது. கம்பியில் வரிசையாகத் தொங்கிய பேண்ட்களில் சீட்டு குத்தியிருந்தது. ஓரத்தில் மடித்து அடுக்கிய நீலச் சீருடைகள். மகள் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையைத் துவட்டத் துண்டுத் துணி ஒன்றைக் கொடுத்தாள். உதவிக்கு இருந்த பெண் டீ வாங்கி வந்தாள். சும்மா இருக்க முடியாமல் அவர் சீருடைகளுக்குப் பொத்தான் போட்டு மடிக்க ஆரம்பித்தார். மகள் மிஷினில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள். அவர் மடித்த சட்டையைப் பார்த்து, காலர் உள்ளே போய்விட்டது, இதுக்குத்தான் உங்களைக் கதவோடயே நிறுத்தி வச்சாங்க என்று கிண்டல் செய்தாள். அவர் சிரித்தார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று இருந்தது.

அப்போது போன் அடித்தது. மேலே அலுவலகத்திலிருந்து. மகள் சரிங்க, சரிங்க என்றாள், ஏங்க என்று ஒரு தடவை கேட்டாள், மறுபடியும் சரிங்க என்றாள். சீருடை ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்களாம், வேறு இடத்தில் கொடுக்கப் போகிறார்களாம்.

போனை வைத்தாள். வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. உடனே பார்வையை மாற்றிக்கொண்டு நூல்கண்டைத் தேடினாள். ஆனால் ஊர் முழுக்கச் சேர்ந்து இத்தனை வருஷம் அவரைப் பார்த்த பார்வையில் கலக்காத ஏதோ ஒன்று அந்தப் பார்வையில் இருந்தது. ஊர் அவரைக் கேலியாகப் பார்த்தது, இளக்காரமாகப் பார்த்தது. மகள் பயந்து பார்த்தாள்.

அவர் கையிலிருந்த சட்டையை முழுவதும் மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"மழை விட்டுடுச்சு, நான் கிளம்பறேன்," என்றார்.

மழை விடவில்லை. அவள் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணும் நினைக்கலப்பா. சத்தியமா நினைக்கல."

"நான் எதுவும் சொல்லலையேம்மா."

"அப்ப உக்காருங்க."

"மிஷின்ல துணி அப்படியே நிக்குது பாரு. போய் வேலையைப் பாரு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. திரும்ப ஒரு தடவை உட்காருங்கள் என்று சொல்ல அவள் வாய் திறக்கவில்லை. அதையும் அவர் கவனித்தார். கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

அடுத்த வாரம் மருமகன் போன் செய்தார். குரலில் உற்சாகம். சீருடை ஆர்டர் திரும்ப வந்துவிட்டதாம். மேலே கணக்கு பார்க்கிறவர் வேறு ஒரு கட்டடத்தின் தையல்காரருக்குச் சொல்ல வேண்டியதைத் தவறுதலாக இங்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். வெறும் ஆள் குழப்பம், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கூடுதலாக இன்னும் சில சட்டைகளுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களாம்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை," என்றார் அவர்.

"நீங்களும் அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வரல..." என்று மருமகன் ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றார்.

போனை வைத்த பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஆர்டர் நின்றதற்கும் வந்ததற்கும் காரணம் ஒரு கணக்குப்பிள்ளையின் கவனக்குறைவு. பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஊரோடு இத்தனை வருஷம் இதைச் சொல்லித்தான் அவர் வாதாடினார். சிரித்துக்கொண்டு வாதாடினார், சில நாள் கோபப்பட்டு வாதாடினார், மனைவி போன பிறகு மனசுக்குள் மட்டும் வாதாடினார். ஒரு நாளும் தோற்றதில்லை.

நல்லவேளை, அதுக்கப்புறம் போகாம இருந்தேன் என்று தோன்றியது.

தோன்றிய பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரிந்தது. வேறு யாரும் அறையில் இல்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவினார், இரண்டு தடவை கழுவினார். அது போகவில்லை. அன்றிலிருந்து ஷெட் வேலைக்குப் போக அவர் கடைவீதி வழியாகச் செல்லும் பஸ்ஸை விட்டுவிட்டு, ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தார். அந்த வழியில் கூட்டம் குறைவு என்று கேட்டவர்களிடம் சொன்னார்.